லேப் அம்மா பதில்கள்: டார்ச் அடித்தால் மருந்து தெரியுமா?

போன மாதம் இந்தப் பகுதியில் ஒளிரும் நானோ துகள்களை, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு சின்னத் துகள்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ரத்தம், சிறுநீர், உமிழ்நீர், பால் இவற்றில் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, புற ஊதா ஒளி பட்டால் மின்னுகிற துகளைக் கலக்கிறார்கள். மருந்து வந்து சேர்ந்தால் மின்னுவது மங்கும், அல்லது நிறம் மாறும். நான் எழுதியது இவ்வளவுதான். அதற்கே ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எனவே இந்த மாதம் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு கேள்விகளுக்கு விடுமுறை.

அப்புறம் ஒரு விஷயம். பாதிப் பேர் "டாக்டரம்மா" என்று எழுதுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. கோவையிலும் ஈரோட்டிலும் ஆஸ்பத்திரி லேபில் 34 வருடம் ரத்தக் குழாய்களோடு குடித்தனம் நடத்தியவள். மாத்திரையைக் கூட்டலாமா, நிறுத்தலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். எண் எப்படி வருகிறது, எப்போது பொய் சொல்கிறது என்று கேளுங்கள். அது எனக்குத் தெரியும்.

கள்ள நோட்டு பார்க்கிற டார்ச்சை எங்கள் கடை வெள்ளை பனியன் மேல் அடித்தால் நீலமாக ஜொலிக்கிறது. ரூபாய் நோட்டு மேல் அடித்தால் தாள் ஜொலிப்பதில்லை. நீங்கள் எழுதிய துகளும் இதுவும் ஒன்றுதானுங்களா?
(பனியன் வியாபாரி, திருப்பூர்)

ஒரே சாதி, வேறு வேறு வீடு. உங்கள் பனியன் வெள்ளையாகத் தெரிவதற்காகச் சாயப்பட்டறையில் ஒரு வெளுப்பூட்டி போடுகிறார்கள். டினோபால் என்றால் உங்களுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் வேலை. பழுத்த துணியின் மஞ்சளை அந்த நீலம் மறைத்துவிடும். நோட்டு பருத்தியில் செய்த தாள். அதில் இந்த வெளுப்பூட்டி கிடையாது. அதனால் தாள் சும்மா இருக்கும், எண் அச்சடித்த இடம், பாதுகாப்பு இழை போன்றவை மட்டும் மின்னும். கடையில் வாங்கிய வெள்ளைத் தாளில் அடித்த கள்ள நோட்டு முழுசாக ஜொலித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஒளிர்வுக்கு 1852-ல் பெயர் வைத்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். அவர் ஆராய்ந்தது கொயினாக் கரைசலை. ஆமாம், நம் வால்பாறை எஸ்டேட்டுகளில் மலேரியாவுக்குக் கொடுத்த அதே கசப்பு மருந்து. ஒரு பக்கம் நீலக் கண்ணாடி வழியாக வெயிலை விட்டார், மறுபக்கம் மஞ்சள் ஒயின் நிரப்பிய கோப்பை வழியாகப் பார்த்தார். இன்று பல லட்ச ரூபாய்க்கு விற்கிற ஒளிர்வு மானிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். ஒயினை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

மருந்தை ரத்தத்தில் அளப்பதும் மலேரியாவில்தான் சூடு பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் கொயினா கிடைக்காமல் போனபோது அட்டாப்ரின் என்ற மஞ்சள் மாத்திரையைச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். சரியாக வேலை செய்யவில்லை என்று புகார். அட்டாப்ரின் தானே ஒளிரும் பொருள் என்பதால், பிராடி, யூடன்ஃபிரெண்ட் என்ற இரண்டு பேர் 1943-ல் அந்த ஒளியை வைத்தே ரத்தத்தில் அதை அளந்தார்கள். மருந்தின் பெரும்பகுதி கல்லீரலிலும் தசையிலும் போய் ஒளிந்துகொள்கிறது, ரத்தத்தில் தங்குவது கொஞ்சம்தான் என்று தெரிந்தது. முதல் நாள் பெரிய அளவு, பிறகு தினமும் சிறிய அளவு என்று முறையை மாற்றினார்கள். மாத்திரை அதேதான். எண் கிடைத்ததும் கொடுக்கிற விதம் மாறியது.

எல்லா மருந்தும் அட்டாப்ரின் மாதிரி தானே மின்னினால் நமக்குக் கவலையில்லை. பெரும்பாலானவை மின்னாது. அதனால்தான் மின்னுகிற துகள் ஒன்றைச் சாட்சிக்குக் கூட்டி வருகிறோம். அதில் ஒரு வகை குவாண்டம் புள்ளி. 2023-ல் பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அதற்காகத்தான் கிடைத்தது. பொருள் ஒன்றே, அளவை மாற்றினால் நிறம் மாறும்: சின்னத் துகள் நீலம், பெரியது சிவப்பு. உடுக்கை கீச்சென்றும் பெரிய மேளம் கனமாகவும் ஒலிக்கிறதல்லவா, அந்தக் கணக்கு. இன்னொரு வகை கார்பன் புள்ளி. 2004-ல் வேறு எதையோ செய்யப் போய்க் கரிப்புகையிலிருந்து எதேச்சையாகக் கிடைத்தது. 2007-ல் மெழுகுவத்திப் புகைக்கரியிலிருந்தே செய்து காட்டினார்கள். என் ஆத்தா விளக்கில் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கண்மை எடுப்பார். ஒளிர்வது அதற்குள்ளும் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறபோது சிரிப்பு வருகிறது.

மகனுக்கு 19 வயது. வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுகிறான். மாத்திரை அளவை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார்கள். ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வர இரண்டு நாள். சர்க்கரை பார்க்கிற மாதிரி வீட்டிலேயே ஒரு சொட்டில் பார்க்க இந்தத் துகள் உதவுமுங்களா?
(ஒரு தாய், காங்கயம்)

உதவ வேண்டும் என்று எனக்கும் ஆசைதான் அம்மிணி. ஃபெனிட்டாய்ன் போல அளந்து அளந்து கொடுக்க வேண்டிய மருந்துகள் குறைவு. ஒரு மி.லி. ரத்தத்தில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். மேலே போனால் கண் ஆடும், நடை தள்ளாடும். இதை உடைக்கிற கல்லீரலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வரை மாத்திரை கூடக் கூட ரத்த அளவும் நிதானமாகக் கூடும். எல்லையைத் தொட்டுவிட்டால், கொஞ்சம் கூட்டினாலும் ரத்தத்தில் எகிறிவிடும். வாய்க்கால் கொள்கிற மட்டும்தான் தண்ணீர் ஓடும், அதற்கு மேல் விட்டால் காட்டுக்குள் பாயுமே, அப்படி. அதனால்தான் உங்கள் டாக்டர் கையால் கணக்குப் போடாமல் ரத்தத்தைப் பார்க்கச் சொல்கிறார்.

இப்போது துகளுக்கு வருவோம். 10 மைக்ரோகிராம் என்பது இந்தத் துகள்களுக்குப் பெரிய அளவு. இதில் நூறில், ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடக் கண்டுபிடிப்போம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெருமையடிக்கின்றன. அந்தப் பெருமை உங்கள் மகனுக்குத் தேவையில்லை. அவனுக்கு 14-ஐ 14 என்று சொல்லத் தெரிந்த கருவி போதும்.

சிக்கல் வேறு இடத்தில். ரத்தம் தண்ணீர் இல்லை. அதிலுள்ள புரதம், பிலிருபின், வைட்டமின்கள் எல்லாமே அதே டார்ச் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சம் மின்னும், கொஞ்சம் கொஞ்சம் மறைக்கும். நோம்பி நாளில் ஊரே சீரியல் பல்பு கட்டியிருக்கும்போது ஒரு வீட்டு வாசலில் ஒரே ஒரு பல்பு மங்கியதா என்று கேட்டால் எப்படி இருக்கும்? இதைத் தாண்டச் சில வழிகள் உண்டு. அகச்சிவப்பு ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருகிற துகள்கள் இருக்கின்றன. அகச்சிவப்பில் ரத்தம் மின்னாது என்பதால் ஊர் விளக்குகள் அணைந்த மாதிரி. யூரோப்பியம் போன்ற தனிமங்கள் மெதுவாக அணைகிறவை. டார்ச்சை நிறுத்தி, மற்றவை அணைந்த பிறகு இவற்றை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஃபெனிட்டாய்னில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ரத்தத்து அல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டே சுற்றும். மூளைக்குப் போய் வேலை செய்வது மீதி 10 சதவீதம்தான். துகள் எதை அளக்கிறது, மொத்தத்தையா, கட்டில்லாமல் திரிவதையா? இதைச் சொல்லாத கருவியின் எண்ணை நம்பி மாத்திரையை மாற்ற முடியாது. கட்டில்லாத பகுதி உமிழ்நீரிலும் வரும். ஊசியில்லாமல் உமிழ்நீரில் பார்க்கிற வழி என்றாவது வீட்டுக்கு வந்தால் நான் முதலில் மகிழ்வேன்.

அதுவரை கோவைதான். ரத்தம் எடுக்கிற அன்று அடுத்த மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டான் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜெல் போட்ட குழாயா என்றும் கேளுங்கள். சில ஜெல்கள் ஃபெனிட்டாய்னை உறிஞ்சி எண்ணைக் குறைத்துக் காட்டும். கேட்டால் லேபில் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டிருந்தார்கள். ஓர் உலோகக் குச்சியைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். ஒரே நிமிடத்தில் 40 பக்க ரிப்போர்ட் வந்தது. குவாண்டம் மெஷினாம். நீங்கள் எழுதிய குவாண்டம் புள்ளி இதுதானா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்)

இல்லை, இல்லை, இல்லை. குவாண்டம் புள்ளி ஒரு பொருள். கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைக்கலாம், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். அதைக் கலப்பதற்கு உங்கள் ரத்தமோ சிறுநீரோ வேண்டும். உள்ளங்கையிலிருந்து ஒரு குச்சிக்கு வைட்டமின் எத்தனை, கால்சியம் எத்தனை என்று எந்த எண்ணும் ஏறிப் போகாது.

என் தம்பியும் இப்படி ஒரு முகாமில் பணம் கட்டி, மூட்டை மூட்டையாகச் சத்துமாவு டப்பா வாங்கி வந்தான். மறுநாள் நானும் போனேன். பையில் ஈர வாழைத்தண்டு ஒரு துண்டு வைத்திருந்தேன். அங்கிருந்த பெண் போனில் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் கைக்குப் பதிலாக அதைக் குச்சியில் சாத்தினேன். ரிப்போர்ட் வந்தது. வாழைத்தண்டுக்குக் கல்லீரல் கொஞ்சம் பலவீனம், மன அழுத்தம் மிதம். மூட்டுத் தேய்மானமும் இருந்ததாம். தண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பொரியல் செய்தேன். தம்பி சாப்பிடவில்லை.

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு மஞ்சளிலிருந்து கார்பன் புள்ளி செய்தோம் மேடம். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைச் சேர்த்தால் ஒளிர்வு அழகாகக் குறைகிறது. சிறுநீரில் 98 சதவீதம் ரெகவரி கிடைத்தது. சார் கட்டுரை எழுதலாம் என்கிறார். உங்கள் கருத்து வேண்டும். ஆட்டோகிளேவ் கிடைக்காத தோழி வீட்டுக் குக்கரில் செய்யலாமா என்று கேட்கிறாள்.
(மாணவி, கோபிசெட்டிபாளையம்)

முதலில் குக்கர். கூடாது. குக்கர் 120 டிகிரியைத் தாண்டாது. உங்களுக்கு வேண்டியது 180, 200. அந்தச் சூட்டுக்கு உள்ளே டெஃப்லான் கிண்ணம் வைத்த தடித்த எஃகுப் பாத்திரம் வேண்டும். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, ஆறுவதற்கு முன் திறக்கக் கூடாது. சாம்பார் வைக்கிற பாத்திரத்தில் வேதியியல் செய்யக் கூடாது என்பது தனி. தோழியிடம் நான் திட்டினேன் என்று சொல்.

இனி உன் மஞ்சள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எனக்கும் பெருமைதான். ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் தானாகவே மின்னும். ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டு டார்ச் அடித்துப் பார், பச்சையாக ஜொலிக்கும். அப்படியானால் உன் குப்பியில் ஜொலிப்பது கார்பன் புள்ளியா, வேகாத குர்குமினா? பாதி வெந்து உண்டான வேறு சின்ன மூலக்கூறாகவும் இருக்கலாம். சிட்ரிக் அமிலத்தில் செய்கிறவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. புள்ளி என்று நினைத்த ஒளியின் பெரும்பங்கு சாதாரண மூலக்கூறுகளிலிருந்து வந்ததாகப் பிறகு தெரிந்தது. சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடுகிற டயாலிசிஸ் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் வை. பைக்கு வெளியே வந்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலும் டார்ச் அடி. ஒளி பைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே வந்துவிட்டதா என்பதை வைத்துத்தான் உன் கட்டுரைக்குத் தலைப்பு.

அடுத்தது பெரிய கேள்வி. டெட்ராசைக்ளின் ஏன் ஒளியைக் குறைக்கிறது? துகளைத் தொட்டதாலா? டெட்ராசைக்ளின் மஞ்சள் நிறம். 360 நானோமீட்டர் பக்கம் ஒளியை நன்றாக விழுங்கும். உன் துகளைத் தூண்டுவதற்கு நீ எந்த ஒளியை விடுகிறாய்? பெரும்பாலும் அதே 360. அப்படியானால் துகளுக்குப் போக வேண்டிய சாப்பாட்டை வழியிலேயே டெட்ராசைக்ளின் தின்றுவிடுகிறது. துகள் பட்டினியால் மங்குகிறது. இருவரும் சந்திக்கவே இல்லை. இதை உள்வடிகட்டல் விளைவு என்பார்கள். இதுவும் அளக்கிற ஒரு வழிதான், குற்றமில்லை. ஆனால் கட்டுரையில் "துகளும் மருந்தும் பிணைந்தன" என்று எழுதாதே. அதைவிட முக்கியம்: அந்த இடத்தில் ஒளியை விழுங்குகிற எதைப் போட்டாலும் இதே மாதிரி மங்கும். பி-காம்ப்ளக்ஸ் மாத்திரையைக் கரைத்துப் போட்டுப் பார். காசநோய்க்காரர்களின் சிறுநீரை ஆரஞ்சாக்குகிற ரிஃபாம்பிசினைப் போட்டுப் பார். இரும்பு அயனியைப் போடு. கார்பன் புள்ளிகள் இரும்பைக் கண்டால் சுருண்டுவிடும். குளுக்கோஸ், யூரியா, உப்பு ஆகியவற்றைப் போட்டு "குறுக்கீடு இல்லை" என்று பட்டியல் போடுவதை நிறையக் கட்டுரைகளில் பார்க்கிறேன். நிறமே இல்லாத சாதுக்களை வரிசையில் நிற்க வைத்துத் திருடன் இவர்களில் இல்லை என்று சொல்வதில் என்ன இருக்கிறது?

98 சதவீதத்துக்கு வருவோம். உன் சிறுநீரில் டெட்ராசைக்ளின் இல்லை. நீயே 10 போட்டாய், நீயே 9.8 எடுத்தாய். நம் கிணற்றில் நாமே இறக்கிய குடத்தை நாமே தூக்கிய கதை. அதற்கும் மதிப்பு உண்டு, குடம் ஓட்டை இல்லை என்று தெரிகிறது. ஆனால் எத்தனை மடங்கு தண்ணீர் கலந்து அளந்தாய்? நூறு மடங்கு என்றால் அது சிறுநீர் இல்லை, சிறுநீர் வாசனை உள்ள தண்ணீர். உன் வகுப்பில் பத்துப் பேரிடம் காலை முதல் சிறுநீர் வாங்கு. ஒருவர் கம்பங்கூழ் குடித்திருப்பார், ஒருவர் பீட்ரூட் சாப்பிட்டிருப்பார், ஒருவர் வைட்டமின் போட்டிருப்பார். மருந்தே சேர்க்காமல் பத்தையும் அளந்து, பத்து எண்ணும் எவ்வளவு சிதறுகின்றன என்று ஒரு படம் போடு. அந்தப் படம் இல்லாத கட்டுரையை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

டெட்ராசைக்ளினைத் தேர்ந்தெடுத்தது நல்ல புத்தி. அதில் கணிசமான பகுதி உடையாமல் அப்படியே சிறுநீரில் வரும். ஃபெனிட்டாய்ன் என்றால் கல்லீரல் அதை உருமாற்றித்தான் அனுப்பும். உன் துகள் பழைய முகத்தைத் தேடிக்கொண்டே நிற்கும்.

ஒரு யோசனை. மருந்தைச் சுற்றிப் பாலிமரை உறைய வைத்து, பிறகு மருந்தை மட்டும் கழுவி எடுத்துவிடுகிற முறை உண்டு. ஈர மண்ணில் குளம்புத் தடம் மாதிரி, அந்த மருந்தின் வடிவத்தில் ஒரு குழி நிற்கும். தடத்தைப் பார்த்து இது காங்கயம் காளை, இது எருமை என்று சொல்கிற ஆட்கள் நம் ஊரில் உண்டல்லவா? அந்தக் குழியை உன் புள்ளியோடு சேர்த்தால், வருகிறவர் யார் என்று கொஞ்சமாவது தெரியும். சாரிடம் கேட்டுப் பார். ஒளிர்வுத் திறனை, அதாவது விழுங்கிய ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பித் தருகிறது என்பதை, கொயினா சல்பேட்டோடு ஒப்பிட்டு எழுத மறக்காதே, 0.1 மோலார் கந்தக அமிலத்தில் அதற்கு 0.54.

துபாய்க்கு டிரைவர் வேலைக்குப் போகிறேன். மெடிக்கலில் சிறுநீரில் போதைப் பரிசோதனை உண்டாம். முந்தின நாள் கசகசா போட்ட குருமா சாப்பிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று நண்பன் பயமுறுத்துகிறான். உண்மையா?
(வாசகர், கரூர்)

நண்பன் பாதி உண்மை சொல்கிறார். கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் போதை இல்லை. காயின் பால் விதையின் மேல் ஒட்டியிருந்தால் அதில் மார்ஃபின் கொஞ்சம் இருக்கும். எவ்வளவு என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். கழுவி, அரைத்து, கொதிக்க வைத்தால் குறையும். அமெரிக்காவில் முன்பு ஒரு மி.லி. சிறுநீரில் 300 நானோகிராம் இருந்தாலே "பாசிட்டிவ்" என்றார்கள். கசகசா ரொட்டி சாப்பிட்டவர்கள் சிக்கிக்கொண்டே இருந்ததால் 1998-ல் அந்த எல்லையை 2000-க்கு உயர்த்தினார்கள்.

அதிகம் உணர்கிற கருவிதான் நல்ல கருவி என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். எல்லையைத் தாழ்த்தத் தாழ்த்தக் குருமா சாப்பிட்டவனும் குற்றவாளி ஆகிறான்.

கர்ப்பம் பார்க்கிற பட்டையில் வருகிற சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள்தான். அதே மாதிரிப் பட்டையில்தான் போதைப் பொருளையும் பார்க்கிறார்கள். தங்கத்துக்குப் பதிலாக ஒளிரும் புள்ளியை ஒட்டினால் கோடு இன்னும் பிரகாசமாகும், அளவும் சொல்லலாம். ஆனால் மருந்தை அடையாளம் காண்பது அங்கே துகள் இல்லை, அதில் ஒட்டியிருக்கிற ஆன்டிபாடி என்ற புரதம். அது முகச்சாயலைப் பார்க்கும். அண்ணன் தம்பியைக் குழப்பிக்கொள்ளும். ஆகவே பட்டையில் "பாசிட்டிவ்" என்றால் மூலக்கூறின் எடையை வைத்து ஆளை அடையாளம் சொல்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதி செய்யக் கேட்பது உங்கள் நியாயம்.

நடைமுறைக்கு: மெடிக்கலுக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்து கசகசாவைத் தொடாதீர்கள். சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டைக் கையில் வைத்திருங்கள். கோடீன் உள்ள இருமல் மருந்தும் இதே சோதனையில் வரும். மிக முக்கியம், அம்மா பாசத்தில் பெட்டியில் கசகசாப் பொட்டலம் வைத்து அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமீரகத்திலும் சவுதியிலும் அது தடை செய்த பொருள்.

மாட்டுக்கு மடிவீக்கம் வந்து ஊசி போட்டோம். சொசைட்டியில் எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது? பாலில் மருந்து இருப்பதைத் துகளை வைத்து நாங்களே பார்க்க முடியுமா?
(விவசாயி, மொடக்குறிச்சி பக்கம்)

எத்தனை நாள் என்பது மருந்துக் குப்பியில் எழுதியிருக்கும். எழுதவில்லையென்றால், நம் நாட்டு மருந்து விதிகளின்படி 2012 முதல் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். கன்றுக்கு ஊட்டலாமா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் ஆத்தாவுக்கு ஒரு சோதனை தெரிந்திருக்கும். ஊசி போட்ட மாட்டுப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. மருந்து தயிர்ப் பூச்சியையும் கொல்லும். ஆலைகளில் செய்கிற ஒரு பரிசோதனையும் இதே தத்துவம்: பாக்டீரியாவை வளர விட்டு, வளர்கிறதா என்று சில மணி நேரம் பார்ப்பார்கள்.

துகள் விஷயத்தில் பால்தான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. டெட்ராசைக்ளின் வகை மருந்து யூரோப்பியத்தைப் பிடித்துக்கொண்டால், தான் வாங்கிய ஒளியை அதற்குக் கொடுக்கும். யூரோப்பியம் 615 நானோமீட்டரில் நல்ல சிவப்பாக எரியும். இங்கே மருந்து விளக்கை அணைக்கவில்லை, ஏற்றுகிறது. அணைக்க ஆயிரம் பேர் இருப்பார்கள், ஏற்றுகிறவர் குறைவு. அதனால் ஆள்மாறாட்டம் குறையும். நீல கார்பன் புள்ளியோடு யூரோப்பியத்தைச் சேர்த்து ஒரு தாளில் தடவி வைத்தால், மருந்தில்லாத பாலில் நீலம், மருந்து கூடக் கூட ஊதா, பிறகு சிவப்பு. இரண்டு நிறத்தின் விகிதத்தைப் பார்ப்பதால் டார்ச் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் கணக்கு மாறாது. டெட்ராசைக்ளின் வகைக்குச் சர்வதேச எல்லை லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். அந்த அளவை இந்த முறை தொட்டுவிடும்.

ஆனால் பாலை அப்படியே ஊற்ற முடியாது. கொழுப்பும் கேசின் என்ற பால் புரதமும் ஒளியைச் சிதறடிக்கும். அமிலம் விட்டுத் திரித்து, தெளிந்த நீரை எடுக்க வேண்டும். பனீர் செய்யத் தெரிந்தவருக்குப் பெரிய வேலையில்லை. இன்னொன்று, இது டெட்ராசைக்ளின் வகைக்கு மட்டும். உங்கள் மாட்டுக்குப் போட்டது பென்சிலின் வகை என்றால் தாள் நீலமாகவே இருக்கும். அதை நம்பிப் பாலை ஊற்றிவிட்டு வராதீர்கள்.

இந்த நானோவை உடம்புக்குள் ஏற்றுவார்களா? பயமாக இருக்கிறது.
(குடும்பத்தலைவி, பொள்ளாச்சி)

மாட்டார்கள். உங்கள் ரத்தம் வெளியே வந்த பிறகு குழாயில்தான் கலக்கிறார்கள். பயப்பட வேண்டியது அந்தக் குழாயைக் கழுவி ஊற்றுகிற லேப்காரர்தான். சில குவாண்டம் புள்ளிகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது, அதைச் சாக்கடையில் விடக் கூடாது.

உடுமலையில் சின்ன லேப் வைத்திருக்கிறேன் அக்கா. இந்த ஒளிரும் கருவி எங்களைப் போன்றவர்களுக்கு எப்போது வரும்? வந்தால் வாங்கலாமா?
(லேப் டெக்னீஷியன், உடுமலைப்பேட்டை)

வா தம்பி, நம்ம ஆள். பாலுக்கும் போதைப் பட்டைக்கும் முதலில் வரும், நோயாளியின் மருந்து அளவுக்குக் கடைசியில் வரும் என்பது என் கணிப்பு. விற்க வருகிறவரிடம் மூன்று கேள்வி கேள். நோயாளிகளின் ரத்தத்தில் பார்த்தீர்களா, நீங்களே மருந்து சேர்த்த ரத்தத்திலா? அதே ரத்தத்தை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்து ஒப்பிட்டீர்களா? மே மாதம் ஏ.சி. ஓடாத அறையில் எண் நிற்குமா? சூடு ஏறினால் ஒளிர்வு குறையும் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

நாலாவது கேள்வி உன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1998 என்று நினைவு. நான் வேலை பார்த்த இடத்தில் லித்தியத்தை ஃப்ளேம் போட்டோமீட்டரில் அளப்போம். தீயில் தெளித்தால் லித்தியம் சிவப்பாக எரியும். சிவப்பு எவ்வளவோ அவ்வளவு மருந்து. அதுவும் ஒளிதான், நானோ இல்லை, அவ்வளவே. மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுகிற ஒரு தென்னந்தோப்புக்காரர் மாதம் தவறாமல் வருவார். லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. அவருக்கு எப்போதும் 0.7, 0.8. அன்று 3.1.

கருவியைச் சரிபார்த்தேன். ஸ்டாண்டர்டு சரி. திரும்ப அளந்தேன். 3.1. போனை எடுத்து வார்டுக்குச் சொல்லப் போனவள், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மனிதர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து ஆளிடம் தேங்காய் விலையைப் பற்றிக் கணீரென்று பேசிக்கொண்டிருக்கிறார். 3.1 உள்ள ஆள் அப்படிப் பேச மாட்டார்; கை நடுங்கி, நாக்குக் குழறி, படுத்திருப்பார்.

குழாயை எடுத்துப் பார்த்தேன். பச்சை மூடி. சிவப்பு மூடி தீர்ந்துவிட்டது என்று புதிதாகச் சேர்ந்த பெண் பச்சையில் எடுத்திருக்கிறாள். ரத்தம் உறையாமல் இருக்கப் பச்சைக் குழாயில் தடவியிருப்பது லித்தியம் ஹெபாரின். அவர் சாப்பிட்ட லித்தியத்தோடு நம் குழாய் போட்ட லித்தியமும் சேர்ந்து எரிந்திருக்கிறது. கருவி பொய் சொல்லவில்லை. இருந்ததை அளந்தது.

வேறு குழாயில் மறுபடி எடுத்தோம். 0.8. "ரெண்டாவது ஊசிக்கும் காசு வாங்குவீங்களா?" என்று கேட்டார். வாங்கவில்லை.